ஓடவில்லை, அக்கா

2008 தீபாவளிக்கு முந்திய வாரம் நீலகிரிக் கூடலூரிலிருந்து அக்காவின் டிவிடி வந்து சேர்ந்தது. துணி வியாபாரமாகக் கொழும்புக்கு வந்து போகிற ஒருவரின் கையில் அவள் கொடுத்தனுப்பியிருந்தாள். புறக்கோட்டைக் கடையொன்றில் வேலை செய்யும் எங்கள் தோட்டத்துப் பையன் அதை வாங்கி வைத்திருந்து, பண்டிகை லீவுக்கு வந்தபோது உடுப்புகளுக்கு நடுவில் பத்திரமாக வைத்துக் கொண்டுவந்தான். வெள்ளைக் காகித உறை. வட்டின் முகத்தில் அக்காவின் கோணல் எழுத்து: "பேத்தி சடங்கு. தம்பிக்கு."

அன்று சாயங்காலம் எங்கள் லயத்தில் இரண்டு பக்கத்துக் காம்பராக்காரர்களும் வந்துவிட்டார்கள். இஸ்தோப்பில் இருந்த வாங்கை உள்ளே தூக்கிப் போட்டோம். டிவிடி மெஷினில் வட்டை வைத்தேன். உள்ளே அது சுற்றியது, கடகடவென்று சத்தம் வந்தது, நின்றது. திரையில் 'நோ டிஸ்க்' என்று விழுந்தது. எடுத்து வேட்டித் தலைப்பால் துடைத்து மறுபடியும் போட்டேன். மூன்று தரம் அதேதான். பிறகு இறக்குவானை டவுனில் வாங்கிய சினிமாப் பட வட்டு ஒன்றைப் போட்டேன். பாட்டும் சண்டையும் தண்ணீர் போல ஓடின. ஆகவே மெஷினில் குறையில்லை, அக்கா அனுப்பியதுதான் பழுது என்று எல்லோர் முன்னாலும் தீர்ப்புச் சொன்னேன். நான் ஆசிரியன். தோட்டப் பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் பாடம் சொன்னவன். நான் சொன்னதை யாரும் மறுக்கவில்லை.

பத்து நாள் கழித்து அக்கா போன் எடுத்தாள்.

"பாத்தியா தம்பி?"

"பாத்தேன் அக்கா. நல்லா இருந்துச்சு."

"கடைசியில நான் பேசுனதயும் கேட்டியா?"

"கேட்டேன்."

அவள் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "சரிப்பா, அது போதும்" என்றாள்.

ஏன் பொய் சொன்னேன் என்று இத்தனை வருடங்களில் எத்தனையோ தரம் என்னையே கேட்டிருக்கிறேன். செலவு செய்து எடுத்து, ஆள் பிடித்து அனுப்பியிருக்கிறாள். ஓடவில்லை என்று சொன்னால் மனம் நோகும் என்று நினைத்தேன். அது அன்பென்றுதான் அப்போது நம்பினேன்.

அந்தப் போனில் என்ன கிடந்தது என்று புரிய, கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், இந்திய வம்சாவளித் தமிழரான எங்கள் சனத்தை எண்ணிப் பிரித்தது. 525,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 300,000 பேருக்கு இலங்கை பிரஜாவுரிமை கொடுக்கும், மிச்சமுள்ள 150,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்றது. அந்த மிச்சத்தையும் 1974இல் பாதிக்குப் பாதி பங்குபோட்டார்கள். எங்கள் அப்பா இங்கே இருக்க எழுதிக் கொடுத்தார். அக்கா கட்டிப்போன வீட்டார் இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்தார்கள். 1975இல் கைப்பிள்ளையோடு தலைமன்னார் கோச்சி ஏறிப் போனாள். அங்கே போனவர்களுக்காகத் தமிழ்நாட்டு அரசாங்கம் நீலகிரியில் தேயிலை போட்டது. 1968இல் தொடங்கிய அந்த வேலைத்திட்டம் பின்னால் டேன்டீ என்று கம்பனியானது. அக்கா இங்கே கொழுந்து பறித்தாள், அங்கேயும் கொழுந்துதான் பறித்தாள். 1984இல் தலைமன்னார்–இராமேஸ்வரம் கப்பலும் நின்றுபோனது. பிறகு கடிதம், நிழற்படம், கடைசியில் போன். 1975க்குப் பிறகு அவள் நடந்து, பேசி, சிரிப்பதை நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. அந்த வட்டில் அது இருந்தது.

அதைத்தான் நான் கொல்லையில் பயற்றங்காய்ப் பந்தலில் கயிறு கட்டித் தொங்கவிட்டேன். வெயில் பட்டால் பளபளவென்று மின்னும், கிளி அண்டாது. அந்த நாளில் எல்லோர் தோட்டத்திலும் பழைய சிடியும் டிவிடியும் அப்படித்தான் ஆடிக்கொண்டிருந்தன.

2010 ஆடியில் அக்கா செத்துப்போனாள். செய்தி வந்த அன்று பின்னேரம் பந்தலுக்குப் போய் வட்டை அவிழ்த்தேன்.

பெல்மதுளையில் ரேடியோ, ரீவி திருத்துகிற ஒரு பாஸ் இருந்தார். சிங்களவர், என்னைவிடப் பத்து வயது இளையவர். அவரிடம் கொண்டுபோனேன். அவர் வட்டை வாங்கி யன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். அக்கா எழுதிய நீலமை வெளிறிப் போயிருந்தது. அடிப்பக்கம் கம்பியில் உரசி உரசிக் கீறல்கள். கணினியில் போட்டார். வெகு நேரம் சுற்றியது. எடுக்கவில்லை. இன்னொரு டிரைவில் போட்டார். அதுவும் எடுக்கவில்லை. இப்படி வீட்டில் எழுதுகிற வட்டுக்குள் ஒரு சாயம் இருக்கிறது, படமும் பேச்சும் அந்தச் சாயத்தில்தான் பதிந்திருக்கும், வெயில் அதைத் தின்றுவிடும் என்றார். ஒன்றே முக்கால் வருட வெயிலில் அது தொங்கியிருந்தது.

பிறகு அவர் ஒரு கேள்வி கேட்டார். "மாஸ்டர், முதல் முதலாக இதை எந்த மெஷினில் போட்டீர்கள்? அதைக் கொண்டுவர முடியுமா?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். அவர் தன்னிடம் இருந்த, தானே எழுதிய வட்டு ஒன்றை அதில் போட்டார். 'நோ டிஸ்க்.' கடையில் வாங்கிய படத்தைப் போட்டார். ஓடியது. மின்சாரத்தைக் கழற்றிவிட்டு மூடியைத் திறந்தார். உள்ளே பயற்றம்பருப்பளவு கண்ணாடி வில்லை ஒன்று. குச்சியில் பஞ்சு சுற்றி, ஸ்பிரிட்டில் நனைத்து, கண்ணில் விழுந்த தூசியை எடுப்பது போல மெதுவாகத் துடைத்தார். பஞ்சு தேயிலைச் சாயம் நிறத்தில் வந்தது.

"உங்கள் அடுப்பு எங்கே இருக்கிறது?"

லயத்தில் அடுப்பு வேறெங்கே இருக்கும்? முன்காம்பராவில் படுக்கை, பின்காம்பராவில் அடுப்பு. ஈரமான றப்பர் விறகு. மழைக்காலத்தில் நாள் முழுவதும் புகை. அந்தப் புகைதான் வில்லையில் படிந்திருந்தது. மூடியைப் போட்டுவிட்டு, சற்று முன் எடுக்காத அதே வட்டை மறுபடி வைத்தார். ஓடியது.

நான் அங்கே இருந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

அவர் விளங்கப்படுத்தியதை என் சொல்லில் சொல்கிறேன். கடையில் விற்கும் சினிமா வட்டு பெரும்பாலும் அச்சு வார்த்தது. அதில் செய்தி நுண்ணிய பள்ளங்களாகப் பிளாஸ்டிக்கிலேயே அழுத்தப்பட்டிருக்கும், உள்ளே அலுமினியப் பூச்சு பளிச்சென்று வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும். வீட்டில் எழுதுகிற வட்டில் அப்படிப் பள்ளம் வெட்டுவதில்லை. 650 நனோமீற்றர் அலைநீளமுள்ள சிவப்பு லேசர், சாயத்தைப் புள்ளி புள்ளியாகச் சுட்டு அடையாளம் வைக்கிறது. வாசிக்கும்போது திரும்பி வருகிற ஒளியில் அந்த வேறுபாடு அவ்வளவு துலக்கமாக இருக்காது. வில்லை சுத்தமாக இருந்தால் இரண்டையும் வாசிக்கும். மங்கினால் அச்சு வட்டை மட்டும் வாசிக்கும். கண்ணில் புரை விழுந்தவர் பத்திரிகையின் தலைப்பை வாசித்துவிடுவார், பென்சிலால் எழுதிய கடிதத்தை வாசிக்கமாட்டார். கடிதத்தில் குறையென்று சொன்னால் எப்படி?

சினிமா ஓடியதைச் சாட்சியாக வைத்து அக்காவின் வட்டுக்குத் தண்டனை கொடுத்திருந்தேன். அதைவிடப் பெரிய பிழை போனில் நடந்தது. "ஓடல அக்கா" என்று இரண்டு சொல் சொல்லியிருந்தால் அவள் இன்னொன்று எழுதி அனுப்பியிருப்பாள். இல்லாவிட்டால் கடைசியில் பேசியதை அந்தப் போனிலேயே திரும்பச் சொல்லியிருப்பாள்.

அதற்குப் பிறகு நான் இந்த வேலையைப் படித்தேன். ஓய்வூதியக் காசில் பழைய கணினி ஒன்று வாங்கினேன். பாஸ் சொல்லிக்கொடுத்தார், மிச்சத்தை வட்டுகளைக் கெடுத்தே கற்றேன். கொஞ்ச நாளில் தோட்டத்துச் சனங்கள் கலியாண வட்டு, சடங்கு வட்டு, திருவிழா வட்டு என்று கொண்டுவரத் தொடங்கினார்கள். "மாஸ்டர், இது ஓடல." அந்தச் சொல்லை யார் சொன்னாலும் எனக்கு அவர்கள் மேல் மரியாதை வந்துவிடும்.

முதலில் நான் கேட்பது, எங்கே நிற்கிறது என்பதுதான். எப்போது போட்டாலும் ஒரே இடத்தில், அந்தப் பெரியப்பா மாலை போடுகிற இடத்தில்தான் நிற்கிறதென்றால் கோளாறு வட்டில். ஒரு நாள் இங்கே, மறுநாள் அங்கே என்று நின்றால் மெஷினைச் சந்தேகப்படு. அரை மணித்தியாலம் நன்றாக ஓடி, பிறகு எந்த வட்டைப் போட்டாலும் திணறினால், மெஷின் சூடேறுகிறது. அதன் மேல் துணி விரித்துப் பூச்சாடி வைத்திருப்பார்கள், எடுத்தாலே பாதி சரியாகும். முடியப்போகிற நேரத்தில் மட்டும் சிக்கினால் வட்டின் வெளி ஓரத்தைப் பார். டிவிடியில் எழுத்து உள்வட்டத்தில் தொடங்கி வெளியே போகிறது, கலியாணத்தின் கடைசிப் பந்தி ஓரத்தில்தான் இருக்கும். நாங்கள் விரலால் பிடிப்பதும் அந்த ஓரத்தைத்தான்.

வெளி ஓரம் கெடுவதற்கு இன்னொரு காரணம் அவசரம். இதை ஒரு பால்வெட்டுகிறவருக்கு விளங்கப்படுத்தியது ஞாபகம் வருகிறது. வட்டுக்குள் இருப்பது ஒரே ஒரு கோடு, சுருள் சுருளாகப் போகிறது, நேராக இழுத்தால் கிட்டத்தட்ட 12 கிலோமீற்றர் என்றேன். அவர் உடனே, "நம்ம வெட்டுக்கோடு மாதிரி" என்றார். றப்பர் மரத்தில் பட்டையைச் சுற்றி இறங்குகிற வெட்டும் சுருள்தான். மழை வருமென்று பயந்து அவசரமாகக் கத்தி போடுகிறவன் ஆழமாக வெட்டிவிடுவான். அன்றைக்குப் பால் வரும். ஆனால் பட்டை சரியாக வளராது, முண்டு முண்டாகக் காய்த்துவிடும். அடுத்த முறை அதே பட்டைக்கு வருகிறபோதுதான் வெட்டியவன் யாரென்று தெரியும். வட்டும் அப்படித்தான். 16 மடங்கு வேகத்தில் எழுதினால் ஆறேழு நிமிடத்தில் முடியும். கடைக்காரர்களுக்கு அது வசதி, வரிசையில் ஆட்கள் நிற்கிறார்கள். ஆனால் வெளி ஓரத்துக்குப் போகப்போக எழுத்து கலங்கும். அந்த வட்டை 8 மடங்கில் எழுதினால் இன்னும் சில நிமிடம்தான் கூடப் போகும். எழுதி முடித்ததும் சரிபார்க்கச் சொல்லி மென்பொருளில் ஒரு கட்டளை உண்டு, அதையும் விடக்கூடாது. உறையில் 4.7 ஜிபி என்று அச்சடித்திருந்தாலும் கணினி அதை 4.37 என்றுதான் எண்ணும். நான் 4க்கு மேல் நிரப்புவதில்லை. ஓரத்தைச் சும்மா விட்டுவிடுவேன்.

துடைப்பதிலும் ஒரு முறை இருக்கிறது, நான் வேட்டித் தலைப்பால் சுற்றிச் சுற்றித் துடைத்தது பிழை. சுருள் கோட்டோடு கீறல் விழுந்தால் நீண்ட தூரம் எழுத்து போய்விடும். நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடைத்தால், கீறல் விழுந்தாலும் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு சிறு இடம்தான் போகும். விட்டுப்போன எழுத்தைக் கணக்குப் போட்டு நிரப்பிக்கொள்ள உபரி எண்களை வட்டிலேயே சேர்த்து எழுதியிருக்கிறார்கள். சிறு இடைவெளியை அது தாங்கும். துவைத்துப் பழசான பருத்தித் துணி நல்லது. எண்ணெய்க் கை பட்டிருந்தால் கொஞ்சம் சவர்க்காரத் தண்ணீரில் கழுவி நிழலில் உலர்த்தலாம். பற்பசை பூசித் தேய்க்கிறார்களே என்று கேட்பார்கள். மேலோட்டமான கீறலுக்குச் சில நேரம் உதவும்தான். ஆனால் வேறு வழி எல்லாம் பார்த்த பிறகு, பயத்தோடு செய்ய வேண்டிய வேலை அது.

எங்கள் சப்பிரகமுவ மழை நாடு. இரத்தினபுரியில் வருடத்துக்கு 3,000 மில்லிமீற்றருக்கு மேல் கொட்டும். பெட்டிக்குள் வைத்த சேலையே பூஞ்சணம் பிடிக்கிற இடத்தில் வட்டு தப்புமா? 2001இல் மத்திய அமெரிக்காவின் பெலீஸ் நாட்டில் ஒரு சிடியையே உள்ளே புகுந்து தின்ற பூஞ்சணத்தை ஸ்பெயின் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். அதைப் படித்த நாளிலிருந்து அரிசி டின் ஒன்றைச் சுத்தமாகக் காயவைத்து, வட்டுகளைப் பிளாஸ்டிக் உறையில் நிமிர்த்தி அடுக்கி, இறுக மூடி வைக்கிறேன். இருட்டு, உலர்ச்சி இரண்டும் அதற்குள் கிடைக்கும். முகத்தில் காகித லேபல் ஒட்டுவதில்லை. ஈரத்தில் ஒரு பக்கம் கிளம்பினால் வட்டு ஆடிக்கொண்டு சுற்றும்.

கெட்டுப்போகாமலே ஓடாத வட்டுகளும் உண்டு. கட்டாரில் இருக்கிற மகன் கைத்தொலைபேசியில் எடுத்த படங்களை அப்படியே வட்டில் கொட்டி அனுப்பியிருந்தான். தாய் அதைக் கொண்டுவந்து அழுதாள். கணினியில் போட்டால் எல்லாப் படமும் இருக்கிறது. அவள் வீட்டு மெஷினுக்கு அந்த வகைக் கோப்பு தெரியாது. டிவிடி மெஷின் எதிர்பார்ப்பது 'வீடியோ டிஎஸ்' என்ற அடைவுக்குள் அதற்கென்று உள்ள முறையில் எழுதிய படத்தை. கேகாலைப் பக்கத்துத் தோட்டங்களிலும் எங்கள் பக்கத்திலும் எத்தனை பிள்ளைகள் சிங்களப் பள்ளிக்கூடத்தில் மட்டும் படித்து வளர்ந்திருக்கிறார்கள். அப்படி வளர்ந்த பேரனின் கையில் பாட்டி எழுதிய தமிழ்க் கடிதத்தைக் கொடுத்தால் அவன் விழிப்பான். கடிதமும் நல்லது, பேரனும் நல்லவன். நடுவில் வாசித்துச் சொல்ல ஒருவர் வேண்டும். அந்தத் தாய்க்கு நான் படங்களை மெஷினுக்குத் தெரிந்த முறைக்கு மாற்றி எழுதிக் கொடுத்தேன்.

எழுதிய மெஷினில் மட்டும் ஓடி, வேறெங்கும் ஓடாத வட்டுகள் இன்னொரு வகை. எழுதியவர் கடைசியில் மூடி முத்திரை வைக்காமல் எடுத்துவிட்டால் அப்படியாகும். ஃபைனலைஸ் பண்ணவில்லை என்பார்கள். மற்ற மெஷின்களுக்கு அது வெறும் வட்டு. எங்கள் காமன் கூத்தில் எரிந்துபோன மன்மதன் உயிரோடு எழும்பி வருவான், ஆனால் ரதியின் கண்ணுக்கு மட்டும்தான் தெரிவான். ரதி இருக்கும்வரை பிரச்சினை இல்லை. எழுதிய மெஷின் செத்துவிட்டால் யார் பார்ப்பது?

காமன் கூத்து என்றதும் என் சித்தப்பா ஞாபகம் வருகிறார். மாசி வளர்பிறையில் கம்பம் ஊன்றுவதிலிருந்து தகனம் முடிந்து காமனை எழுப்புவது வரை அத்தனை பாட்டும் அவருக்கு மனப்பாடம். கொப்பியில் ஒரு வரி எழுதி வைக்கவில்லை. எங்கள் தோட்டத்தில் கூத்து வாத்தியார் அவர்தான். 2008 மாசியில் அவர் ஆடவைத்ததை டவுனிலிருந்து வந்த ஒரு கமராக்காரர் இரவு முழுவதும் எடுத்தார். பல மணித்தியாலத்தை வெட்டி ஒரு வட்டில் அடக்கி, இரண்டு பிரதி எழுதினார். ஒன்று எங்கள் வீட்டுக்கு. இன்னொன்றைத் தப்படித்தவருக்குக் கொடுக்கச் சொன்னவர் சித்தப்பாதான். "அவன் அடிக்காம நான் எங்க ஆடுறது?" என்றார். அடுத்த வருடம் சித்தப்பா போனார். பிறகு எங்கள் தோட்டத்தில் முழுக் கூத்து நடக்கவில்லை.

2023இல், எங்கள் சனம் இங்கே வந்து 200 வருடம் என்று, 'மலையகம் 200' என்ற பெயரில் ஊரெல்லாம் நினைவு கூர்ந்தார்கள். தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு, எங்கள் முன்னோர் நடந்து வந்த பாதையில் சனங்கள் நடந்தார்கள். எங்கள் தோட்டத்துப் பிள்ளைகள் கோயில் மண்டபத்தில் பழைய படம், பழைய சாமான் வைத்து ஒரு கண்காட்சி போட நினைத்தார்கள். என் பேத்தி சித்தப்பாவின் வட்டைக் கேட்டாள். டின்னிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அன்று ராத்திரி திரும்பி வந்தாள்.

"தாத்தா, இது ஓடல. கொஞ்ச நேரம் ஓடி நின்னுருது."

சுற்றிவளைக்காமல் சொன்னாள். அவள் தலையில் கை வைத்தேன், ஏன் என்று அவளுக்குத் தெரியாது.

வில்லையைத் துடைத்தோம். வட்டைக் கழுவினோம். இரண்டு கணினியில் போட்டோம். டிரைவுக்கு டிரைவு வாசிக்கிற திறன் வேறுபடும், ஒன்று கைவிட்டதை இன்னொன்று எடுக்கும். பழைய டிரைவை மிகக் குறைந்த வேகத்தில் ஓடவிட்டு, படிக்க முடியாத இடத்தில் திரும்பத் திரும்ப முயன்று பிரதி எடுக்கிற மென்பொருளைப் பேத்தி கண்டுபிடித்தாள். ஒரு ராத்திரி முழுவதும் அது ஓடியது. டிவிடியில் படம் ஒரே துண்டாக இருப்பதில்லை, 1 ஜிபிக்கு மிஞ்சாத கோப்புகளாக வெட்டி வைத்திருக்கும். விடியும்போது பார்த்தால் முதலாவது, மூன்றாவது, நான்காவது கோப்புகள் முழுதாக வந்திருந்தன. இரண்டாவது வரவில்லை. ரதி அழுகிற கட்டம் அதில்தான்.

அப்போதுதான் தப்படித்தவர் வீட்டு வட்டு நினைவுக்கு வந்தது. அவரும் இல்லை. அவருடைய மகள் காவத்தைப் பக்கம் கட்டிப்போயிருக்கிறாள். நானும் பேத்தியும் போனோம். அவள் அலுமாரியைக் கிளறி, தகப்பனின் மரணச் சான்றிதழ் வைத்திருந்த பைக்குள்ளிருந்து அதை எடுத்தாள். "ஓடாது மாஸ்டர், கடைசியில சிக்கும். அதான் போடுறதே இல்ல" என்றாள். கடைசி சிக்கினால் சிக்கட்டும், எங்களுக்கு வேண்டியது நடுவில். அங்கேயே அவள் மகனின் மடிக்கணினியில் போட்டோம். நான்காவது கோப்பில் பாதிதான் வந்தது. இரண்டாவது முழுதாக இருந்தது.

ஒரே நாளில், ஒரே மூலத்திலிருந்து எழுதிய இரண்டு வட்டுகள். ஒன்றில் போனது மற்றதில் இருந்தது. பேத்தி கோப்புகளைச் சேர்த்து முழுதாக்கினாள். தப்படித்தவருக்கு ஒன்று கொடுக்கச் சொன்ன சித்தப்பா, மரியாதைக்குத்தான் அதைச் செய்தார், அதுவே கூத்தைக் காப்பாற்றியது. 2016 மே 17ஆம் திகதி அரநாயக்கவில் சாமசர மலை சரிந்ததும், அதே நாளில் புளத்கொஹுபிட்டி களுபஹன தோட்டத்தில் லயன் காம்பராக்கள் மண்ணுக்குள் போனதும் எங்கள் மாகாணத்தில் நடந்தவைதான். மலைச்சரிவில் குடியிருக்கிற சனம் நாங்கள். எங்கள் ஞாபகங்களை ஒரு கூரையின் கீழ் மட்டும் வைத்திருப்பது எனக்கு இப்போது பயமாக இருக்கிறது. கூத்தை ஐந்து பிரதி எடுத்தோம். ஒன்று தப்படித்தவரின் மகளுக்கு, அவள் காசு கொடுக்க வந்தாள், வாங்கவில்லை. ஒன்றைப் பென்டிரைவில் போட்டு என் மகனிடம் அனுப்பினோம். தமிழ் ஆவணங்களை எண்ணிமமாக்கிக் காக்கிற நூலகம் நிறுவனத்துக்கும் ஒன்று அனுப்பலாம் என்கிறாள் பேத்தி.

கோயில் மண்டபத்தில் சுவரில் வெள்ளைத் துணி கட்டிக் காட்டினார்கள். சித்தப்பா கச்சை கட்டி நின்று பாட்டெடுக்கிறார். பின்னால் தப்பு விழுகிறது. தப்படித்தவரின் மகள் எழுந்து துணிக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். காமன் எழும்புகிற கட்டத்தில் பொம்பளைகள் குலவையிட்டார்கள், 2008இல் இட்டவர்களின் குலவையும் ஸ்பீக்கரில் சேர்ந்து வந்தது. எது இப்போது இட்டது, எது அப்போது இட்டது என்று பிரிக்க முடியவில்லை.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. விடியற்காலையில் கூடலூருக்குப் போன் எடுத்தேன். அக்காவின் மகள்தான் எடுத்தாள், 1975இல் கோச்சி ஏறிய கைப்பிள்ளை. அவளுக்கு அப்போது வயது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தது.

"என்ன மாமா, இந்த நேரத்துல?"

"அம்மா 2008ல ஒரு டிவிடி அனுப்பிச்சா, ஞாபகம் இருக்கா?"

"என் மகளோட சடங்கு. அம்மா கடைசியில உங்களுக்காக என்னமோ பேசுச்சு. நான் சமையல் கட்டுல இருந்தேன், கேக்கல."

"நான் அத பாக்கவே இல்லம்மா. ஓடல. ஓடுச்சுன்னு அம்மாகிட்ட பொய் சொல்லிட்டேன்."

அந்தப் பக்கம் சத்தமில்லை. கூடலூரிலும் மழைதான் போல, தகரத்தில் விழுகிற சத்தம் கேட்டது.

"அதனால என்ன மாமா" என்றாள் கடைசியில். "வீடியோ எடுத்தவரு கேசட்டையும் எங்ககிட்டயே குடுத்துட்டாரு. பரண்ல ஒரு பெட்டி கெடக்கு. மழை விடட்டும், எறக்கிப் பாக்குறேன்."

"வெயில்ல வச்சுராத. நனைஞ்சிருந்தா தொடைக்காத, அப்படியே வச்சுட்டு எனக்குச் சொல்லு."

"சரி மாமா."

"இல்லைன்னாலும் இல்லைன்னு சொல்லும்மா."

"சொல்றேன் மாமா."